ஃபேக்டர் ஊசியும் உடலின் எதிர்ப்பாற்றலும்

ஹீமோபிலியா சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை இப்படி ஃபேக்டர் போட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடாதா, டாக்டர்?" பெரும்பாலும் பாட்டிதான் கேட்பார். தாய் கேட்கத் தயங்கியதை அவர் கேட்டுவிடுவார். குறையாது என்று ஒரே சொல்லில் பதில் கூறி அனுப்பிவிடலாம். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் அனுப்பினோம். ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. ஃபேக்டர் சிகிச்சையில் எதிர்ப்பாற்றல் சார்ந்த ஆபத்தும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பாட்டி அஞ்சுவதற்கு நேர்மாறாக, எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறி விழித்துக்கொள்வதால் வரும் ஆபத்து அது. இக்கட்டுரையில் அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நோயின் அடிப்படை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. இரத்தம் உறையத் துணைசெய்யும் புரதங்களை உறைகாரணிகள் என்கிறோம். மருத்துவமனைப் பேச்சில் ஃபேக்டர். எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. முதல் வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கும், இரண்டாம் வகை ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கும் வருகிறது. காரணியின் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அது கடுமையான நிலை. அடிபடாமலேயே மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் இரத்தம் கசியும். நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இல்லாதவர்கள். பிறந்து ஆறாம் வாரத்தில் தடுப்பூசி போட்ட தொடை கல்லாக வீங்கிய பிறகே நோய் தெரியவந்த குழந்தைகள் எங்கள் பதிவேட்டில் பலர் இருக்கிறார்கள்.

இனி, பாட்டியின் அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1964இல் ஜூடித் பூல் என்ற அமெரிக்க அறிவியலாளர், உறைநிலையில் வைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருக வைக்கும்போது அடியில் தங்கும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் காட்டினார். இரத்த வங்கிகளில் இன்றும் கிரையோ என்று வழங்குவது அதுதான். அடுத்து வந்தவை, ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரித்த பொடி மருந்துகள். வீட்டிலேயே கரைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், மேலைநாட்டு நோயாளிகளுக்கு அவை புதுவாழ்வாகவே தோன்றின. கொடையாளர்களுள் ஒருவரிடம் கிருமி இருந்தாலும் அது அந்தத் தொகுதி முழுவதிலும் கலந்துவிடும். மஞ்சள் காமாலைக் கிருமி இவ்வாறு பரவுவது தெரிந்திருந்தும், கிடைத்த நன்மை பெரிது என்று அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

1982 ஜூலையில், எதிர்ப்பாற்றல் அழிந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒருவகை நிமோனியா மூன்று ஹீமோபிலியா நோயாளிகளுக்கு வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பின்னர் எச்ஐவி என்று பெயர் பெற்ற கிருமியின் வேலை அது. அமெரிக்காவில் அக்காலத்தில் வாழ்ந்த ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரை அது தொற்றியது. பிரிட்டனில் இதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்து! எங்கள் தலைமுறை மருத்துவர்கள் அக்காலத்தை நேரில் கண்டவர்கள் அல்லர். மருந்தென்று நம்பித் தாங்கள் போட்ட ஊசியைப் பற்றிப் பேசும்போது மூத்த ஆசிரியர்களின் குரல் தாழ்வதை மட்டும் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

எச்ஐவி இல்லாதவர்களிடமும் எதிர்ப்பணுக்களின் விகிதம் மாறியிருப்பதை 1980களின் ஆய்வுகள் சில சுட்டின. அன்றைய பொடிகளில் எட்டாம் காரணி சிறுபகுதிதான்; எஞ்சியவை தேவையற்ற பிற புரதங்கள். அவற்றின் சுமையும், நாள்பட்ட கல்லீரல் அழற்சியும் அம்மாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். ஆக, 'ஃபேக்டர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்' என்ற பேச்சு காற்றில் பிறந்ததன்று. இன்றைய நிலை வேறு. கொடையாளர் ஒவ்வொருவரின் பிளாஸ்மாவும் சோதிக்கப்படுகிறது. அதன் பிறகு வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் கிருமி நீக்கம் நடக்கிறது. மனித பிளாஸ்மாவை நம்பாமல் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கும் மருந்து 1992 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இன்று உங்கள் பிள்ளைக்கு நாங்கள் ஏற்றும் ஃபேக்டர் அவனுடைய எதிர்ப்பாற்றலைக் குறைப்பதில்லை. சளி, காய்ச்சல் எல்லாம் அவனுக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வருவதுபோலத்தான் வரும், போகும்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். எது தன்னுடையது, எது அந்நியமானது என்பதை நம் எதிர்ப்பு மண்டலம் பிறப்பதற்கு முன்பே கற்கத் தொடங்கிவிடுகிறது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள குழந்தையின் உடல் எட்டாம் காரணியைக் கண்டதே இல்லை, அல்லது சிதைந்த வடிவில் மட்டுமே கண்டிருக்கிறது. அப்படிப்பட்ட உடலுக்குள் அப்புரதத்தை முழுமையாகச் செலுத்துகிறோம். மருந்துப் பையுடன் வரும் மருத்துவரைப் பார்த்தும் தெருநாய் குரைக்கத்தான் செய்யும். அதற்கு அவர் புதிய முகம். அதேபோல எதிர்ப்பு மண்டலம் எட்டாம் காரணியை எதிரி என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அவ்வெதிர்ப்பொருள் காரணியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. இதைத்தான் இன்ஹிபிட்டர் என்கிறோம்.

கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதற்கு உள்ளாகிறார்கள். பி வகையில் இது மிகக் குறைவு. எல்லாக் காலத்திலும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. ஃபேக்டர் ஏற்றப்படும் ஒவ்வொரு நாளையும் ஒரு மருந்தேற்ற நாள் என்று கணக்கிடுகிறோம். ஒரே நாளில் இருமுறை ஏற்றினாலும் அது ஒரு நாள்தான். முதல் 20 மருந்தேற்ற நாட்களில் ஆபத்து மிக அதிகம். 50 நாட்களைக் கடந்தால் பெரிதும் குறைகிறது. 150ஐக் கடந்த பிறகு அரிது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளை 'பழைய நோயாளி'யா 'புது நோயாளி'யா என்பதை அவனுடைய வயது சொல்லாது. இதுவரை எத்தனை நாள் மருந்து ஏறியது என்ற எண்தான் சொல்லும். அந்த எண்ணை எங்களைவிடத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டி அறிய முடியுமா? ஓரளவு முடியும். மரபணுவின் பெரும்பகுதியே இல்லாதவர்களுக்கும், அண்ணனுக்கோ தாய்மாமனுக்கோ இன்ஹிபிட்டர் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெரிய அறுவைசிகிச்சை, கடுமையான இரத்தக்கசிவு ஆகிய வேளைகளில் நாள்தோறும் உயர்ந்த அளவில் மருந்து ஏறும்போதும் கூடுதல்; திசு சிதைந்து அழற்சி பரவியிருக்கும் நேரத்தில் எதிர்ப்பு மண்டலம் எல்லாவற்றையும் ஐயத்துடன் பார்க்கிறது. மருந்தின் வகைக்கும் பங்குண்டு. இந்தியா உட்பட 14 நாடுகளில் 251 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கும், மரபணு முறையில் தயாரித்ததைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 45 பேருக்கும் இன்ஹிபிட்டர் தோன்றியது. இதைப் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக ஒரே மருந்தில் நலமாக இருக்கும் பிள்ளைக்கு அதை மாற்றச் சொல்லி வந்த பெற்றோரும் உண்டு. மருந்து புதிதாகத் தொடங்கும் குழந்தைக்குரிய செய்தி அது. நூறு நாள் கடந்தவர்கள் அதற்காக மாற வேண்டியதில்லை.

எங்களுடைய தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முழங்காலில் இரத்தம் கசிந்தது. வழக்கமான அளவு ஃபேக்டர் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முன்பெல்லாம் ஊசி போட்ட மறுநாளே வீக்கம் வற்றிவிடும் டாக்டர். இந்த முறை மருந்து பிடிக்கவில்லை" என்றார். நாங்கள் அவரை விசாரித்தோம்: அடுத்த ஊசிக்கான குப்பியைக் குளிர்பெட்டியில் எங்கே வைத்தீர்கள், மின்சாரம் நின்றதா, கரைக்கும்போது குலுக்கினீர்களா, பையன் ஓடி ஆடினானா. பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் அவர் மிகச் சரியாகவே வைத்திருந்தார். அளவைக் கூட்டி மேலும் இரண்டு நாள் அதே மருந்தை ஏற்றினோம். ஐந்தாம் நாள்தான் இன்ஹிபிட்டர் சோதனைக்கு இரத்தம் எடுத்தோம். முடிவு வந்தபோது எண் மிக உயர்ந்திருந்தது. அவன் அப்போது 14ஆம் மருந்தேற்ற நாளில் இருந்தான். நாங்கள் முதலில் ஐயப்பட்டிருக்க வேண்டிய காலம் அது. தாய் முதல் வாக்கியத்திலேயே நோயறிதலைச் சொல்லிவிட்டார். குற்றத்தை அவருடைய கைகளில் தேடி இரண்டு நாளை வீணாக்கியவர்கள் நாங்கள்.

அன்று முதல் எங்கள் பிரிவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். 'மருந்து முன்போல வேலை செய்யவில்லை' என்று வீட்டார் சொன்னால், வேறு கேள்வி எதற்கும் முன் சோதனைக்கு இரத்தம் எடுக்கிறோம். நீங்கள் கவனிக்க வேண்டியவை எளியவை: வழக்கமான அளவு ஏற்றியும் வீக்கமோ வலியோ குறையாமை, வாரந்தோறும் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே புதிதாகக் கசிவு தோன்றுதல், காயங்கள் முன்னைவிட எளிதில் கன்றிப்போதல். சில பிள்ளைகளிடம் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால்தான் குறித்த இடைவெளியில் சோதிக்கிறோம். முதல் 20 நாள்வரை ஐந்து மருந்தேற்ற நாளுக்கு ஒருமுறை, 50 வரை பத்து நாளுக்கு ஒருமுறை, அதன்பின் 150 வரை ஆண்டுக்கு இருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எந்த அறுவைசிகிச்சைக்கும் முன்பும் ஒருமுறை. லேசான ஹீமோபிலியா உள்ள பெரியவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் மருந்தே தேவைப்படாத ஒருவருக்கு அறுவைசிகிச்சைக்காகத் தொடர்ந்து ஃபேக்டர் ஏற்றிய சில வாரங்களில் இன்ஹிபிட்டர் தோன்றுவது உண்டு.

சோதனையின் பெயர் பெதெஸ்டா. அளவுமுறை முடிவான அமெரிக்க ஊரின் பெயர் அது. நோயாளியின் பிளாஸ்மாவை இயல்பான பிளாஸ்மாவுடன் கலந்து இரண்டு மணி நேரம் வைத்து, எவ்வளவு எட்டாம் காரணி அழிந்தது என்று பார்க்கிறார்கள். பாதி அழிந்தால் அது ஒரு பெதெஸ்டா அலகு. 0.6க்கு மேல் இருந்தால் இன்ஹிபிட்டர் உண்டு என்று கொள்கிறோம். 5க்கு மேல் போனால் வீரியம் மிக்கது. அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்தால்தான் முடிவு தெளிவாக இருக்கும். சோதனை நாளன்று காலையில் வீட்டில் ஊசி போட்டுவிட்டு வர வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகவே. ஆனால் கசிவு இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், போட்டுவிட்டு வாருங்கள்.

இன்ஹிபிட்டர் வந்துவிட்டால் உலகம் இருண்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. எளிது என்று நாங்கள் பொய் சொல்லவும் மாட்டோம். குறைந்த அளவு எதிர்ப்பொருள் சிலரிடம் தானாகவே மறைந்துவிடும். 5 அலகுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடுதல் ஃபேக்டர் ஏற்றி எதிர்ப்பொருளை மீறலாம். வீரியம் மிக்கதாக இருந்தால் எட்டாம் காரணி பயன்படாது. அப்படியைச் சுற்றிச் சென்று இரத்தத்தை உறைய வைக்கும் வேறு மருந்துகள் இரண்டு உள்ளன. ஒன்று செயலூட்டிய ஏழாம் காரணி. இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியது. மற்றொன்று செயலூட்டிய காரணிகளின் கலவை. இரண்டும் விலை மிகுந்தவை. எதிர்ப்பொருளையே அகற்ற முயலும் வழி ஒன்றும் உண்டு. குரைக்கும் நாய் அந்த முகத்துக்குப் பழகும்வரை தினமும் அதே தெருவில் நடப்பது போன்றது அது. எட்டாம் காரணியை நாள்தோறுமோ வாரத்தில் மூன்று நாளோ, மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில், விடாமல் ஏற்றுவோம். இம்முறையை 1970களில் ஜெர்மனியின் பான் நகர மருத்துவர்கள் தொடங்கினார்கள். மேற்கொள்பவர்களில் பெரும்பான்மையோருக்குப் பலன் கிடைக்கிறது. இடையில் நிறுத்தினால் அதுவரை பட்ட பாடு வீணாகலாம்.

மேலே சொன்ன சிறுவனுக்கு இச்சிகிச்சை பதினான்கு மாதம் நடந்தது. அவன் தாய் நாள் தவறாமல் அவனுடைய சிறு கையில் நரம்பு தேடினார். இப்போது எதிர்ப்பொருள் இல்லை, பள்ளிக்குப் போகிறான். அந்த முழங்கால் மட்டும் முழுவதும் நீளுவதில்லை. இன்றும் இயன்முறை சிகிச்சைக்கு வருகிறான்.

எமிசிசுமாப் என்ற மருந்து வந்த பிறகு இவர்களின் நிலை பெரிதும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 2017 முதல் அனுமதி பெற்ற இம்மருந்து எட்டாம் காரணி அன்று. அதன் வேலையைச் செய்யும் வேறொரு புரதம். ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் அருகருகே கொண்டுவந்து இணைக்கிறது. இன்ஹிபிட்டருக்கு இதை அடையாளம் தெரியாது. நரம்பில் ஏற்றத் தேவையில்லை. தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ, இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ போடலாம். இதைப் போட்டுக்கொள்பவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. வேறு மருத்துவமனைக்குச் சென்றால் இதைப் பெறுவதை முதலில் சொல்லுங்கள்: வழக்கமான உறைதல் சோதனை இம்மருந்தால் இயல்பானதுபோலத் தவறாகக் காட்டும். மேலும், மேலே சொன்ன செயலூட்டிய காரணிகளின் கலவையை இதனுடன் சேர்த்து ஏற்றியபோது இரத்தநாளங்களில் ஆபத்தான உறைகட்டிகள் தோன்றியிருக்கின்றன. கசிவு நேர்ந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை எங்களைக் கேட்காமல் எவரும் முடிவு செய்ய விட வேண்டாம்.

பி வகைக் குடும்பங்களுக்குத் தனியே ஒரு சொல். உங்களிடம் இன்ஹிபிட்டர் அரிது. ஆனால் அது வரும்போது ஒன்பதாம் காரணிக்குக் கடும் ஒவ்வாமையாக வெளிப்படலாம். மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவை ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே தோன்றும். முதல் 10 முதல் 20 ஊசிகளை மருத்துவமனையிலேயே போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். தொலைவிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகின்றன என்பது தெரியாமல் சொல்லவில்லை. எமிசிசுமாப் உங்களுக்குப் பயன்படாது என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறோம்.

பொதுவான எதிர்ப்பாற்றல் பற்றிய ஐயங்களில் தடுப்பூசியே முதலிடம். முதல் ஊசியில் தொடை வீங்கிய அனுபவத்தால், அடுத்த ஊசிகளையே விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்க்கிறோம். விடக் கூடாது. இயன்றவற்றைத் தோலுக்கடியில் போடலாம். தசையில்தான் போட வேண்டும் என்றால் மிக மெல்லிய ஊசி, போடும் முன் ஐந்து நிமிடம் பனிக்கட்டி ஒத்தடம், போட்ட பின் குறைந்தது பத்து நிமிடம் தேய்க்காமல் விரலால் அழுத்திப் பிடித்தல் என்ற மூன்றும் போதிய பாதுகாப்பு. தேவைப்பட்டால் அதற்கு முன் ஃபேக்டர் ஏற்றுவோம். கல்லீரல் அழற்சி ஏ, பி இரண்டுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை வேண்டாம். சத்துமாவு, கஷாயம் ஆகியவற்றால் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி' இன்ஹிபிட்டரைத் தடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சத்துமாவு நல்ல உணவு. ஆனால் இன்ஹிபிட்டரை அது தடுக்காது. பெயர் தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் கொடுக்கும் முன் எங்களிடம் காட்டுங்கள்.

முற்காலத்தில் பிளாஸ்மாவோ கிரையோவோ பலமுறை ஏற்றிக்கொண்ட பெரியவர்கள் எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சி சோதனைகளை இதுவரை செய்துகொள்ளவில்லை என்றால் கூச்சப்படாமல் வாருங்கள். சி வகைக்கு இன்று இரண்டு, மூன்று மாத மாத்திரையிலேயே பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

மரபணுச் சிகிச்சை பற்றியும் கேட்கிறீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐவரின் சொந்தக் குருதித் தண்டு உயிரணுக்களில் எட்டாம் காரணி மரபணுவைச் செலுத்திப் பெற்ற முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். வெளியிட்ட காலம்வரை ஐவருக்கும் கசிவு நேரவில்லை. நம் அருகில் நடந்திருக்கும் பெரிய வேலை இது. ஆனால் அதற்குமுன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும் கடும் மருந்துகளைத் தாங்க வேண்டும். ஐவர் என்பது சிறிய எண். அந்தச் செய்தியை நம்பி இன்றைய ஊசியை நிறுத்திய இளைஞர் ஒருவர் இடுப்புத் தசையில் கசிவுடன் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

பதிவுப் புத்தகம் பற்றி ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனவே அவசரத்தில் பலர் பல இடங்களில் போட்டுக்கொள்கிறீர்கள். அது நல்லதே. எங்கே போட்டாலும் தேதி, மருந்தின் பெயர், எத்தனை யூனிட், எதற்காக என்பதை அன்றே எழுதுங்கள். குப்பியின் ஒட்டுத்தாளைப் பிரித்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒட்டுத்தாளை மட்டும் ஒட்டினாலும் போதும், நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். புத்தகம் தொலைந்துவிட்டதென்று அடுத்த வருகையைத் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் மேசையில் புதியவை இருக்கின்றன. நினைவிலிருந்து இயன்றவரை உடன் அமர்ந்து நிரப்பித் தருவோம்.